கணவரின் ஒப்பத்துக்கான இடம்

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த காணி நன்கொடை உறுதிப் பத்திரத்தின் வரைவை என் வீட்டில் அச்செடுத்துக் கொடுத்தது நான்தான். கடைசிப் பக்கத்தில் ஒப்பமிடுவதற்கான கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. காணியைக் கொடுப்பவர், பெறுபவர், சாட்சிகள் இருவர். கொடுப்பவருக்கு நேர் கீழே இன்னொரு கோடு, அதன் கீழே சிறிய எழுத்தில் ‘கணவரின் சம்மதமும் ஒப்பமும்’. அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எல்லாப் பக்கங்களையும் நிதானமாக வாசித்தார். கடைசியில் அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்து, “இது ஆருக்கு?” என்று கேட்டார்.

“அண்ணைக்கு” என்றேன்.

“எந்த அண்ணைக்கு?” என்றார்.

அவர் எனக்கு இரத்த உறவு இல்லை. நான் சுவிசுக்கு வந்த புதிதில் லோசானில் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை செய்தேன். படுக்கை விரிப்புகளை இயந்திரத்துக்குள் ஊட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். இரண்டு முனையையும் ஒரே நேரத்தில், ஒரே இழுப்பில் பிடிக்கவேண்டும். என் மறுமுனையில் நின்றவர் அக்கா. பிறகு நான் பிரெஞ்சு படித்து, பாடசாலைகளுக்கும் மருத்துவர்களுக்கும் மொழிபெயர்க்கப் போய்விட்டேன். அவர் அங்கேயே இருந்தார். லோசானை ஒட்டிய ரெனானில் அடுத்தடுத்த கட்டடங்களில் குடியிருந்ததால் உறவு விட்டுப்போகவில்லை.

அவருடைய கணவர் அப்போது லோசானில் ஒரு உணவகத்துச் சமையலறையில் வேலை செய்தார். அவர்களுடைய மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய ஆண்டில் ஒருநாள் அவர் அக்காமேல் கை நீட்டினார். மறுநாள் அவர் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அக்கா ஆளைக் கூப்பிட்டுக் கதவின் பூட்டை மாற்றினார். அவருடைய உடுப்புகளைச் சலவை செய்து, மடித்து, பெட்டியில் அடுக்கி வாசலில் வைத்தார். அதோடு முடிந்தது. கணவர் சூக் நகரத்துக்குப் போய் அங்கே ஒரு உணவகத்தில் சேர்ந்தார். விவாகரத்து எடுக்கச் சொல்லி நாங்கள் பலர் சொன்னோம். அந்த மனுசனிடம் தான் கேட்டு வாங்குவதற்கு ஒன்றுமே இல்லை, விவாகரத்தும் உட்பட, என்பார். மகள் படித்து, வேலை எடுத்து, பேர்ணுக்குப் போய்விட்டாள். அத்தனை ஆண்டும் கணவரின் பெயரை அக்கா வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

காணி அக்காவுடையது. அவருடைய தாய் சீதனமாக எழுதிக் கொடுத்தது. யாழ்ப்பாண நகரத்துக்கு வெளியே, ஒரு கிணறும் பழைய கல்வீடும் உள்ள வளவு. போர்க்காலத்தில் கரையோரக் கிராமமொன்றிலிருந்து இரண்டு குழந்தைகளோடு இடம்பெயர்ந்து வந்த ஒரு பெண்ணை அக்காவின் தாய் அந்த வீட்டில் சேர்த்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் சொந்தக் காணி இராணுவ வேலிக்குள் போனது போனதுதான். அக்காவுக்கு அப்போது இங்கே அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வரமுடியாத அட்டை. தாய் படுத்த படுக்கையானபோது ஊட்டியதும் துடைத்ததும் அந்தப் பெண். தாய் இறந்தபோது சொந்தக்காரர் யாரும் வந்து சேரமுன் குளிப்பாட்டிச் சீலை உடுத்தியதும் அவள்தான். அக்கா இங்கே தொலைபேசியைக் காதில் வைத்தபடி அங்கே பறை அடிக்கிறதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணை அவர் தங்கச்சி என்றுதான் சொல்வார். காணியை அவளுக்கு எழுதிக் கொடுப்பதென்று பல காலமாகவே முடிவு செய்திருந்தார்.

குறுக்கே வந்தது சட்டம். யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி தொலைபேசியில் பொறுமையாக விளக்கினார். அக்காவின் கலியாணம் தேசவழமைக்கு உட்பட்டது. எங்கள் ஊர் வழக்கங்களை ஒல்லாந்தர் கேட்டு எழுதி வைத்தது தேசவழமை. ஆங்கிலேயர் அதை ஏற்றுக்கொண்டார்கள், பிறகு கணவன் மனைவி சொத்துக்கென்று தாங்களே ஒரு சட்டம் இயற்றினார்கள். மனைவியின் பெயரில் இருக்கும் காணியை, அது அவளுடைய தாய் கொடுத்ததாகவே இருந்தாலும், கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அவள் விற்கவோ கொடுக்கவோ முடியாது. கணவனுக்கு அப்படி ஒரு கட்டு இல்லை. தான் சுவிஸ் கடவுச்சீட்டு உள்ளவள், இருபது ஆண்டுக்குமேல் இங்கே இருக்கிறவள் என்று அக்கா சொன்னார். அதனால் ஒன்றும் மாறாது என்றார் அவர். இது ஆளோடு போகிற சட்டம். யாழ்ப்பாணக் குடியாக இருக்கும்வரை எந்த நாட்டில் நின்றாலும் கூடவே வரும்.

அன்றிரவு நான் அந்தச் சட்டங்களின் ஆங்கில மூலத்தை இணையத்தில் தேடி வாசித்தேன். ஆங்கிலேயர் ஏற்றுக்கொண்ட பழைய ஏட்டில் எங்களுக்கு இருந்த பெயர் ‘யாழ்ப்பாண மாகாணத்து மலபார் குடிகள்’. அதை மறுநாள் அக்காவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “எங்கட பேரே தெரியாதவன் எழுதினது. அதையோ நான் ரெனான் வரைக்கும் சுமக்கிறன்?” என்றார்.

அதற்குப் பிறகு எனக்கும் ஒரு கோபம் பிடித்தது. ஒரு காலத்தில் ஆங்கிலேயர் தங்கள் ஆட்கள் சீனத்துக்கும் துருக்கிக்கும் போனபோது தங்கள் சட்டத்தையும் நீதிபதியையும் கூடவே அனுப்பினார்கள். அந்த நாட்டு நீதிமன்றம் தங்கள் ஆளைத் தொடக்கூடாது என்பதற்காக. பிறர் மண்ணில் நின்றாலும் அவர்களுடைய குடிக்கு அவர்களுடைய சட்டமே காவல். எங்களுக்கும் ஒரு சட்டத்தைக் கூடவே அனுப்பிவைத்திருக்கிறார்கள். அனுப்பியவர்கள் எப்போதோ கப்பலேறிப் போய்விட்டார்கள். சட்டம் மட்டும் சலவைக்கூடத்து வாசலில் நின்று அக்காவிடம் கணவன் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தது.

ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். அந்தக் கோபம் என்னிடம் ஒரு கிழமைகூட நிற்கவில்லை. மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இரண்டு பக்கத்தையும் எப்படியாவது ஒரு சொல்லில் பொருத்திவிடலாம் என்று நினைப்பான். “ஒரு கையெழுத்துத்தானே அக்கா, நான் போய் வாங்கிக்கொண்டு வாறன்” என்றேன். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு சூக்குக்கு ரயிலேறினேன்.

அவரைக் கெட்ட மனிதர் என்று சொல்லி முடித்துவிட்டால் எனக்குச் சுலபம். உணவகத்தின் பின்கதவால் என்னைக் கூட்டிப்போய், ஒரு வாளியைக் கவிழ்த்து இருத்தி, தானே கொத்துரொட்டி போட்டுத் தந்தார். நீராவியில் ஊறிய கைகள். நகங்கள் வெளுத்திருந்தன. மகளின் படம் இருந்தால் காட்டச் சொன்னார். கைகளைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். காணி யாருக்குப் போகிறது என்று சொன்னபோதுதான் முகம் மாறியது. கொடுக்கிறதென்றாலும் ஆளைப் பார்த்துக் கொடுக்கவேண்டும், அந்த வளவுக்குள் எந்தச் சனம் இருக்கிறதென்று ஊரில் எல்லாருக்கும் தெரியும் என்றார். அந்தச் சாதிப் பேச்சுக்கு நான் பதில் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. கையெழுத்து வேண்டியிருந்தது.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். அக்கா ஒரு கடிதத்தில் ஒப்பமிடவேண்டும். அதை அவரே அழகான எழுத்தில் எழுதித் தந்தார். நான் என் பிழையினாலும் முன்கோபத்தினாலும் என் கணவரைப் பிரிந்தேன், அவர்மீது எந்தக் குற்றமும் இல்லை என்று நான்கு வரி. சூக்கில் நாலு பேருக்கு முன்னால் தலை நிமிர்ந்து நடக்க அது தனக்குத் தேவை என்றார். நான் அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். வழியெல்லாம், நான்கு வரிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்கா வேலை முடிந்து வரும் நேரம் சலவைக்கூடத்து வாசலில் காத்திருந்து கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து என்னிடம் நீட்டினார்.

“அவர் எழுதுவார், எனக்குத் தெரியும். இதைக் கொண்டு வந்தது நீர், தம்பி.”

பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டார். இரண்டு கிழமை என் தொலைபேசியை எடுக்கவில்லை.

அந்த இரண்டு கிழமையில் அவர் மறுபடியும் சட்டத்தரணியோடு கதைத்திருந்தார். சட்டத்தரணி இன்னொரு வழி சொன்னாராம். யாழ்ப்பாணத்தைக் குடியிருப்பாக நிரந்தரமாக விட்டுவிட்டேன், திரும்பிப் போகும் எண்ணம் இல்லை என்று ஒரு சத்தியக் கடதாசி கொடுத்தால், தேசவழமை இவருக்குப் பொருந்தாது என்று வாதாடிப் பார்க்கலாம். வெளிநாட்டில் இருக்கும் பலர் அப்படிச் செய்கிறார்களாம். அதுவும் ஒரு தாள், ஒரு கையெழுத்து. இதை அக்கா என் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். அதுவே நல்ல வழி என்று சொல்ல வாயெடுத்த நான், அவருடைய முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

“ஒருத்தனுக்கு நான் பிழைகாரி எண்டு எழுதித் தரவேணும். மற்றவனுக்கு நான் யாழ்ப்பாணம் இல்லையெண்டு எழுதித் தரவேணும். ரெண்டும் பொய். என்ர அம்மாவின்ர காணியைக் குடுக்க நான் ஏன் பொய் எழுதவேணும்?”

மூன்றாவது வழி ஒன்று இருந்தது. கணவன் காரணமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றம் அவனுக்குப் பதிலாகச் சம்மதம் தரலாம் என்று அதே சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. ஆனால் நேரில் போய் நிற்கவேண்டும். பூட்டை மாற்றிய கதையைத் திறந்த நீதிமன்றத்தில், சொந்தக்காரர் இருக்கும் ஊரில், வாய்விட்டுச் சொல்லவேண்டும். எவ்வளவு காலம் இழுக்கும் என்றும் தெரியாது. அக்கா அந்த வழியை எடுத்தார்.

விடுமுறை கேட்கப் போனபோது அவருடைய மேற்பார்வையாளரிடம் விசயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார். அதை எனக்குக் கிடைத்த மன்னிப்பாக எடுத்துக்கொண்டேன். மேற்பார்வையாளர் ஓய்வுபெறப்போகும் வயதில் இருந்த உள்ளூர், வோ மாகாணத்துப் பெண். நான் சொல்லி முடித்ததும், தான் கலியாணம் முடித்த காலத்தில் இந்த நாட்டிலும் புருசன் விரும்பாவிட்டால் பெண் வேலைக்குப் போகமுடியாது என்றார். தன்னுடைய தகப்பன் அந்தச் சட்டத்தை மாற்றக்கூடாதென்று வாக்களித்ததாகவும், தான் மாற்றவேண்டுமென்று வாக்களித்ததாகவும், இருவரும் ஒரே காரில்தான் வாக்குச்சாவடிக்குப் போனதாகவும் சொன்னார். அக்கா கேட்ட விடுமுறைக்கு மேலும் ஒரு கிழமை எழுதிக் கொடுத்தார்.

வழக்கு நான் நினைத்ததைவிட நீண்டது. அக்கா இரண்டு தடவை போய்வந்தார். கணவர் தன் தரப்பில் ஒரு சட்டத்தரணியை வைத்திருந்தார். நீதிமன்றத்தில் நடந்ததை மகள் எனக்குப் பிறகு சொன்னாள். தாயோடு அவளும் போயிருந்தாள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி, கணவனிடம் மரியாதையாகக் கேட்டிருந்தால் அவர் தந்திருப்பாரே என்றாராம். அக்கா அந்த நான்கு வரிக் கடிதத்தை நீட்டினார். நான் கிழித்துப் போட்டிருப்பேன் என்று அக்கா நினைத்திருக்கலாம், ஆனால் வழக்குக்கு முன் அவர் கேட்டபோது அது என்னிடம் பத்திரமாக இருந்தது. “கேட்டது, ஐயா. அவர் விலை சொன்னவர். அந்த விலை என்னட்ட இல்லை” என்றாராம். பிறகு கை நீட்டிய நாளைப் பற்றிக் கேட்டார்கள். சொன்னார். கூட்டத்தில் அக்காவுடைய மாமன் மகன்மார் இருவர் எழுந்து வெளியே போனார்கள். அக்கா குரலைத் தாழ்த்தவில்லை, அவர்கள் கதவைச் சாத்தும்வரை நிறுத்தி, பிறகு தொடர்ந்தார் என்று மகள் சொன்னாள்.

சம்மதம் கிடைத்தது. உறுதி எழுதப்பட்டது. தங்கச்சி என்று அவர் அழைக்கும் பெண் நொத்தாரிசின் அலுவலகத்தில் பேனையைப் பிடிக்கமுடியாமல் அழுதாளாம். அவளுடைய மூத்த மகன் கையைப் பிடித்து ஆற்றவேண்டியிருந்ததாம்.

சூரிச் விமானநிலையத்துக்கு நான் போயிருந்தேன். வென்றுவிட்டீர்கள் அக்கா என்று சொல்லிப் பெட்டியை வாங்கினேன். அவர் தன் கைப்பையைத் திறந்து நீதிமன்றக் கட்டளையின் பிரதியை எடுத்து என்னிடம் தந்தார். ‘கணவரின் சம்மதத்துக்குப் பதிலாக’ என்ற இடத்தில் அவரே பென்சிலால் கோடிட்டிருந்தார்.

“வெல்லேல்லை, தம்பி. ஒரு ஆம்பிளைக்குப் பதிலா இன்னொரு ஆம்பிளை ஓம் எண்டவர். கோடு அந்த இடத்திலதான் இருக்கு.”

இனி எந்தத் தாளிலும் அந்தக் கோடு வேண்டாமென்று அந்த மாதமே விவாகரத்துக்கு எழுதினார். ரயிலில் வைத்தே இன்னொரு வேலையையும் எனக்குத் தந்தார். கணவனின் சம்மதம் கேட்கும் அந்தச் சட்டப்பிரிவை நீக்கவேண்டும் என்று கொழும்புக்கு ஒரு மனு எழுதவேண்டும், தமிழிலும் ஆங்கிலத்திலும், மரியாதையான மொழியில், ஆனால் கெஞ்சக்கூடாது. எழுதினேன். நான்கு தடவை திருத்தினார். ‘தாழ்மையுடன்’ என்று நான் போட்ட சொல்லை நான்கு தடவையும் வெட்டினார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தாளோடு புறப்பட்டார். கோயில் வாசல், தமிழ்ப் பள்ளிக்கூடம், கலியாண மண்டபம். சிலர் ஒப்பமிட்டார்கள். சிலர் குடும்பம் குலைக்கிற வேலை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். சூக்கில் ஒரு மண்டபத்தில் அவரை வெளியே போகச் சொன்னார்கள். அவர் மண்டபத்து வாசலில், பொது நடைபாதையில் நின்றார்.

கொழும்பிலிருந்து இன்றுவரை ஒரு பதிலும் இல்லை. அவர் இரண்டாவது மனுவைத் தொடங்கிவிட்டார்.

போன கோடையில் அவரை இன்டர்லாக்கனுக்குக் கூட்டிப்போனேன். ஒரு விடுதியின் சமையலறைப் பின்வாசலில் ஓய்வு நேரத்துக்கு வெளியே வந்த ஒரு இளம் பெண்ணிடம் அக்கா தாளை நீட்டினார். அவள் முழுதையும் வாசித்தாள். தனக்கும் ஊரில் ஒரு துண்டுக் காணி இருக்கிறதென்றாள். பேனையையும் வாங்கிவிட்டாள். பிறகு தயங்கி, “இவரிட்ட ஒரு சொல்லுக் கேட்டுட்டு வாறன், அக்கா” என்றாள். கணவனும் அதே சமையலறையில்தான்.

நான் அக்காவைப் பார்த்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். “ஓம், கேட்டுட்டு வாரும். நான் நிக்கிறன்” என்றார். அவள் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேனையோடு உள்ளே போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. நாங்கள் வெயிலில் நின்றோம். நான் மணியைப் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. அவள் வந்து தாளை வாங்கிச் சுவரில் வைத்துத் தன் பெயரை எழுதினாள். அக்கா தாளைத் திருப்பி வாங்கி மை காயட்டும் என்று பிடித்துக்கொண்டு கேட்டார்.

“கேட்டனீரோ?”

“இல்லை” என்றாள் அவள்.