இறால் தொட்டிப் பெட்டியும் சான்றிதழ் மூட்டையும்

பசங்களா, நான் பெட்டியை ஆஃப் பண்ணிவிட்டுத் தூங்கினேன் என்று பண்ணையில் ஒரு பேச்சு உண்டு. உங்கள் காதுக்கும் வரும். அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணையில் எனக்கு மோட்டார் பார்க்கும் வேலை. தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் நின்றால் குஞ்சு கொஞ்ச நேரத்தில் செத்துவிடும். நின்றதும் சுவரில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டி கம்பெனிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அங்கிருந்து என் போனுக்கு மணி அடிக்கும்.

அன்றைக்கு மத்தியானம் கருங்குழியிலிருந்து வந்த தீவன மூட்டைகளைக் கேட்டில் இறக்கிக்கொண்டிருந்தேன். மோட்டார் நின்றிருக்கிறது. போன் அடிக்கவில்லை. நான் திரும்பி வந்தபோது ஒரு தொட்டிக் குஞ்சு மொத்தமும் அடியில் வெள்ளையாய்ப் படிந்து கிடந்தது.

முதலாளி எல்லா ஆட்களையும் வைத்துக்கொண்டு கேட்டார்: "இன்னாபா, பெட்டிய ஆஃப் பண்ணிட்டு எங்க படுத்துகினு இருந்த?"

"அண்ணாத்தைக்குத் தூக்கம் முக்கியம்பா" என்று ஒருத்தன் எடுத்துக்கொடுத்தான். சிரித்தார்கள். பெட்டியில் கை வைக்கவே இல்லை என்றேன். நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு முதலாளி போனார்.

பெட்டி விற்ற கம்பெனிக்குப் போன் போட்டேன். கேளம்பாக்கத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் தம்பி ஒருவன் எடுத்தான். பெட்டி நல்லாத்தான் கீது, கம்ப்யூட்டரோடு பேச மாட்டேங்குது என்றான். அவன் சொல்லித்தான் எனக்கு விஷயம் புரிந்தது. பேசுவதற்கு முன்னால் பெட்டி, நீ அந்தக் கம்பெனிதானா என்று கேட்குமாம். கம்ப்யூட்டர் தன் சான்றிதழைக் காட்டும். அதற்குக் கையெழுத்துப் போட்டவரின் சான்றிதழ், அவருக்குப் போட்டவருடையது என்று சங்கிலியாக வரும். பெட்டியின் மூளை சின்னது. அதனால் இவ்வளவுதான் வாங்குவேன் என்று ஒரு அளவு வைத்திருக்கிறது. மிஞ்சினால் பேச்சை வெட்டிவிடும்.

தாலுகா ஆபீசுக்கு நாம் போகும்போது, திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று வீட்டில் இருக்கிற ஜெராக்ஸை எல்லாம் சேர்த்துக் குத்திக்கொண்டு போவோமே, அதைத்தான் இந்தத் தம்பியும் செய்திருக்கிறான். புதுச் சான்றிதழ் மாற்றும்போது பழையது, வேறு கம்ப்யூட்டருடையது எல்லாவற்றையும் ஒரே கட்டாக வைத்துவிட்டான். கட்டு அளவை மிஞ்சியதும் பெட்டி பேச்சை வெட்டிவிட்டது.

"எது கேக்குமோன்னு எல்லாத்தையும் போட்டுட்டேன்ணா" என்று சிரித்தான். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இங்கே குஞ்சு செத்துக் கிடக்கிறது, அவனுக்குச் சிரிப்பு.

அந்த அளவையே எடுத்துவிடட்டுமா, எவ்வளவு வந்தாலும் வாங்கிக்கொள்ளும் என்றான். பிறகு எதற்கு வைத்தீர்கள் என்று கேட்டேன். எவனாவது கம்பெனி மாதிரி நடித்து முடிவே இல்லாமல் அனுப்பினால் பெட்டி ரொம்பிப்போய் அப்படியே நின்றுவிடும், மோட்டாரைக்கூடப் பார்க்காது என்றான்.

"அப்ப நீ வந்து தொட்டியாண்ட குந்திப்பியா? அளவு இருக்கட்டும். உன் மூட்டைய நீ குறைடா."

குறைத்தான். நான் மோட்டாரைக் கொஞ்சம் நிறுத்திப் பார்த்தேன். போன் அடித்தது.

அதோடு விட எனக்கு மனசில்லை. டீ நேரத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள், முதலாளியும் இருந்தார். அவனுக்கு மறுபடி போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "பெட்டி ஏன் பேசலன்னு சொன்னியே, இன்னொரு வாட்டி சொல்லு. இங்க எல்லாரும் கேக்கறாங்க."

திக்கித் திக்கிச் சொன்னான். தூக்கம் என்று சொன்னவன் டீ கிளாசுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு நான் வரட்டுமா, வேணாமா?" என்று முதலாளியைக் கேட்டேன்.

"வராம? போய் அந்தத் தொட்டியக் கழுவு."

கழுவினேன். குஞ்சு விரல் இடுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டது. நீ ஆஃப் பண்ணவில்லை என்று அவர் வாயால் இன்றுவரை சொல்லவில்லை.