ஊசிக்கு நடுங்காத கை

1. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, காய்ச்சல் என்று எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தனியாக வந்தாள்.
2. லேப் டெக்னீஷியனான நான் ரத்தம் எடுத்தபோது, அவள் புஜத்தில் விரல் தடங்கள் நீலமாகத் தெரிந்தன.
3. "இது எப்படி?" என்று கேட்டேன். அவள் மடியில் இருந்த போன் பதில் சொன்னது.

"மொளகுத் தோட்டத்துல விழுந்துட்டாளுங்க. நான் லைன்லயேதான் இருக்கறேன். அவளுக்கு ஊசின்னா பயமுங்க."

மரியாதையான இளைஞன் குரல். அவள் காதலிக்கும் பையன். அவள் சிரித்தாள். ஒல்லி முகம், இரட்டைச் சடை. எதைச் சொல்லும் முன்பும் போனை ஒருமுறை பார்த்துக்கொள்வாள்.

சிஸ்டர் வந்து தடத்தைப் பார்த்தார், போனையும் பார்த்தார்.

"உள் ரூம்லதான் பாக்கோணும், வா சாமி. அங்க டவர் எடுக்காது."

உள்ளே அழைப்பு அறுந்தது. ஊசிக்கு அசையாத கை அப்போது நடுங்கியது.

"கட் ஆனா என்ன பண்ணுவான் கண்ணு?" என்று சிஸ்டர் கேட்டார்.

"அவரு நல்லவருங்க. நான்தான் கோவப்பட வெச்சுடறேன்."

"அடிச்சது அவன். உம்மேல தப்பில்ல. இப்ப எங்க இருக்கறான்?"

"சோளக்காடு பஸ் ஸ்டாப்புலங்க. நான் வர்ற வரைக்கும் நிப்பாரு."

"இத நான் மூடி மறைக்க முடியாது. ஆனா உங்கிட்டச் சொல்லாம எதுவும் செய்ய மாட்டேன். இப்ப யாரக் கூப்புடட்டும்?"

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அக்காளைங்க" என்றாள்.

அக்கா வந்து அழைத்துப் போனாள். அவர்கள் கிளம்பும் முன்பே, அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டே குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கும் சிஸ்டர் தகவல் சொல்லியிருந்தார்.

இப்போது அவள் காளப்பநாயக்கன்பட்டியில் அக்கா வீட்டில் இருக்கிறாள். அவனோடு பேசுவதை இன்னும் விடவில்லை. சிஸ்டரிடம் வந்து பேசுவதையும் விடவில்லை.