பெரியசாமி கண்ணை மூடிய வளைவு

1. ஆறாவது ஆள்

என் கணக்குப்படி, பன்வில ரோட்டில் ஓடிய ஆறு பஸ் டிரைவர்களில் மிக ஆபத்தானவர் பெரியசாமி. இதை நான் பட்டியல் போட்டு, வரைபடம் கீறி, சிவப்பும் பச்சையுமாகக் கலர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருந்தேன். அந்தப் பிரிண்டை மூக்குக்கண்ணாடிக்கு மிக அருகில் பிடித்துப் பார்த்துவிட்டு, பஸ் முதலாளி ஹாஜியார் சொன்னார்:

"அப்ப திங்கக்கெழமயிலிருந்து இவர்ட கைல பஸ் குடுக்க ஏலா. பல்லேகல ஷெட்டுல நிக்கட்டும், டயர் மாத்தட்டும்."

பெரியசாமி பதினெட்டு வருடம் அந்த மலை ரோட்டில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், இவ்வளவு நாளும் ஏதோ அதிர்ஷ்டத்தில் ஓடியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். படித்த திமிர் என்பது வேறொன்றுமில்லை, அதுதான்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டுக்கு வேலைக்கு வந்து, அம்பிட்டியவில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்த, ஓர் ஆய்வுகூடத்து டெக்னிக்கல் ஒபிசர். எனக்குச் சிரிப்புச் சீக்கிரம் வரும். ஆய்வுகூடத்தில் அது ஒரு குறை என்று எங்கள் பொறுப்பாளர் கலாநிதி ஐயா அடிக்கடி சொல்லுவார். சொல்லும்போதும் எனக்குச் சிரிப்பு வரும்.

2. கொம்பியூட்டருக்குள் ஒரு டிரைவர்

எங்கள் வேலை இதுதான். மலை ரோட்டில் பஸ் ஓட்டுகிறவர் எந்த நேரத்தில் எங்கே பார்க்கிறார், எப்போது பிரேக்கில் கால் வைக்கிறார், ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்புகிறார் என்பதையெல்லாம் பதிவு செய்து, கொம்பியூட்டருக்குள் ஒரு கற்பனை டிரைவரை உண்டாக்க வேண்டும். அதற்குப் பெயர் மொடல். பிறகு அந்தக் கற்பனை ஆளும் நிஜ ஆளும் ஒரே மாதிரி ஓட்டுகிறார்களா என்று ஒரு கருவி பார்த்துக்கொண்டே இருக்கும். நிஜ ஆள் கண் அசந்தாலோ, பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்காவிட்டாலோ அலாரம் அடிக்கும். விபத்து நடக்கும் முன்பே டிரைவரை உஷார்ப்படுத்திவிடலாம்.

நல்ல யோசனை. இன்றும் நல்ல யோசனைதான் என்பேன். எங்கள் கற்பனை டிரைவர் மட்டும் கொஞ்சம் அதிகப்படியான நல்ல பிள்ளை. பாக்குக் கடிக்க மாட்டார், பாட்டுக் கேட்க மாட்டார், தெரிந்தவரைக் கண்டு தலையாட்ட மாட்டார். பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது இடது கண்ணாடி, வலது கண்ணாடி, இடது, வலது என்று தலையை ஒழுங்காகத் திருப்பிக்கொண்டிருப்பார்.

பன்வில தாண்டித் தோட்டப் பக்கம் ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவு. பெரிய பஸ் அதை ஒரே மூச்சில் திரும்பாது. பாதி திரும்பி, ஒருமுறை ரிவர்ஸ் எடுத்து, மறுபடி முன்னால் போக வேண்டும். அந்த இடத்தில் மற்ற ஐந்து டிரைவர்களும் ஏதோ அரைகுறையாகவேனும் கண்ணாடியைப் பார்த்தார்கள். பெரியசாமி மட்டும் நாடியை உயர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு ரிவர்ஸ் எடுத்தார். உதட்டில் லேசான புன்னகை வேறு. கமராவில் தெளிவாக விழுந்திருந்தது. அதை நாங்கள் ஆய்வுகூடத்தில் பத்துத் தடவை போட்டுப் பார்த்துச் சிரித்தோம். ஒருவருக்குமே அவரிடம் போய், ஏன் ஐயா கண்ணை மூடுகிறீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கமராவோடு மைக்கும் இருந்தது. பஸ்ஸில் போடுகிற பாட்டுச் சத்தத்தில் மண்டை இடிக்கிறது என்று முதல் நாளே அதை நிறுத்தியவள் நான்தான்.

3. வெள்ளோட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலை. பயணிகள் இல்லை. அலாரம் பொருத்திய பஸ்ஸில் ஹாஜியாரும் கலாநிதி ஐயாவும் முன் சீட்டில் இருந்தார்கள். நான் மடிக்கணினியோடு கடைசிச் சீட்டில். பெரியசாமி ஓட்டினார். மறுநாளிலிருந்து தனக்கு ஷெட் என்பது அவருக்குத் தெரியும். வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, கலியாணத்துக்குப் போகிறவர் மாதிரி வந்திருந்தார். அவருடைய தங்கை புருஷன் மாரிமுத்துதான் கொண்டக்டர்.

வளைவு வந்தது. பனி இறங்கியிருந்தது. மாரிமுத்து குதித்து இறங்கி, பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி, இடது பக்கத் தகரத்தில் தட்டினார். இரண்டு இரண்டாகத் தட்டினால் வரலாம். ஒன்று தட்டினால் நில். இந்த நாட்டில் பஸ்ஸில் ஏறிய எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும், சாதாரண நேரத்தில்.

பெரியசாமி நாடியை உயர்த்தினார். கண்ணை மூடினார். உடனே எங்கள் அலாரம் அலறத் தொடங்கியது. அதன் சத்தத்தை நான்தான் தெரிவு செய்திருந்தேன், செத்தவனும் எழும்ப வேண்டும் என்று.

நான் பின் கண்ணாடியால் எட்டிப் பார்த்தேன். ரோட்டைக் காணவில்லை. கீழே, வெகு கீழே, தேயிலைச் செடிகளின் தலைகள். பயத்தில் நிற்பாட்டச் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு கையாலும் பக்கத்துத் தகரத்தில் படபடவென்று அடித்தேன்.

பஸ் இன்னும் வேகமாகப் பின்னால் வந்தது.

பின் சில்லுக்குக் கீழே ஏதோ உருண்டு, பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மாரிமுத்து தடைக்கட்டையை எறிந்திருந்தார். முன்னால் ஹாஜியாரும் கலாநிதி ஐயாவும் ஒருவரை ஒருவர் இறுகக் கட்டிப்பிடித்திருந்தார்கள். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

பெரியசாமி ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். பிறகு கையை உயர்த்தி, அலாரத்தின் வயரைப் பிடுங்கினார்.

"மாரிமுத்து, நிக்கச் சொல்ல வேண்டிய எடத்துல வா வான்னு தட்டுனியா?"

"நான் ஒண்ணுதான் மச்சான் தட்டுனேன்."

ஹாஜியார் சட்டையைச் சரி செய்துகொண்டு என் பக்கம் திரும்பினார். "மிஸ், நீங்க எழுதினது நூத்துக்கு நூறு சரி. கண்ணப் பொத்திக்கொண்டு எடுக்காரே. பெரியசாமி, எறங்குங்க."

என் வேலைக்கு அப்படியொரு பாராட்டு அதற்கு முன் கிடைத்ததில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். பெரியசாமி சீட்டிலிருந்து எழும்பிவிட்டார். என் உள்ளங்கைகள் சிவந்து எரிந்துகொண்டிருந்தன.

"ஹாஜியார், தட்டினது நான்," என்றேன். "பயத்திலை அடிச்சுப்போட்டன். அவரிலை பிழையில்லை."

"என்ன பிள்ளை சொல்லுறாய்?" கலாநிதி ஐயா சீட்டிலிருந்து எழும்பிக் கேட்டார்.

"அவர் காதாலை ஓட்டுறார் ஐயா. எங்கடை மொடலுக்குக் காதே இல்லை. மைக்கை நிப்பாட்டினதும் நான்தான். மாரிமுத்து தட்டினதை எங்கடை அலாரம் கேக்கவிடேல்லை."

ஹாஜியார் பெரியசாமியைப் பார்த்தார். பெரியசாமி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கண்ணாடியில தேயிலச் செடியும் பனியும்தான் தெரியும் மொதலாளி. பின் சில்லு எங்க நிக்கிதுன்னு இவனுக்குத்தான் தெரியும். கண்ணு தொறந்திருந்தா கண்ணாடியப் பாக்கத் தோணும். பாத்தா காது கேக்க மாட்டேங்குது."

"வாயால சொன்னா சரியா? எடுத்துக் காட்டுங்க பாப்பம்."

"காட்டுறேன் மொதலாளி. ஆனா இந்தவாட்டி மிஸ்ஸே தட்டட்டும். அவங்களுக்குத்தான் தட்டுறதுல ஆச அதிகமா இருக்கு."

மாரிமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

4. என் கை

பஸ்ஸை முன்னால் எடுத்து, கட்டையை விடுவித்தார்கள். நான் இறங்கிப் போய் மாரிமுத்துவின் பக்கத்தில், சேற்றில் நின்றேன்.

"சில்ல மட்டும் பாருங்க மிஸ். பள்ளத்தப் பாக்காதீங்க. பயந்தாலும் ஒண்ணுதான் தட்டணும்." கட்டையைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு அவர் சொன்னார்.

இரண்டு தட்டினேன். அவ்வளவு பெரிய பஸ் என் கை சொன்னபடி பின்னால் வந்தது. இரண்டு. இன்னும் கொஞ்சம். இரண்டு. உள்ளே ஒரு மனிதர் கண்ணை மூடிக்கொண்டு என் கைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பிழைவிட்டால் அவருடைய வேலையும் போகும், பஸ்ஸும் போகும். சில்லு விளிம்புக் கல்லுக்கு ஒரு முழம் வந்ததும் ஒன்று தட்டினேன்.

நின்றது. அந்தக் கணத்தில் வந்த சந்தோஷத்தை எந்தச் சம்பள உயர்விலும் நான் பிறகு காணவில்லை. சேற்றில் நின்று குதித்ததில் ஒரு செருப்பு அறுந்தது.

ஹாஜியார் கலர் பிரிண்டை நாலாக மடித்து என்னிடம் திருப்பித் தந்தார். "இத நீங்களே வெச்சுக்கோங்க. நாளக்கி இவரே ஓட்டட்டும்."

அடுத்த மாதம் மொடலைத் திருத்தினோம். அதன் வரைபடத்தில் டிரைவர் என்றிருந்த பெட்டியில் டிரைவர், கொண்டக்டர் என்று இரண்டு பேரைப் போட்டோம். மைக் திரும்பி வந்தது, பாட்டுச் சத்தத்தோடு. ரிவர்ஸ் கியரில் அலாரம் வாய் திறக்கக் கூடாது என்று வைத்தோம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது: உங்கள் கணக்குக்கு ஒத்துவராத ஆள் ஒருவர் இருந்தால், அவருக்கு மார்க் போடுமுன் போய்க் கேளுங்கள்.

நானும் கேட்டேன், கொஞ்சம் பிந்தி. அந்த வெள்ளோட்டத்தன்று திரும்பி வரும் வழியில் தேத்தண்ணிக் கடையில் நிறுத்தியபோது, பெரியசாமியிடம் கேட்டேன்: "அதுக்கு அஞ்சு நிமிசத்துக்கு முந்திப் பிழையாத் தட்டின ஆள் நான். என்னை நம்பி எப்பிடிக் கண்ணை மூடினீங்கள்?"

அவர் பிளேன்டீயை ஊதி ஒரு வாய் குடித்தார்.

"நாந்தான் தப்பா தட்டுனேன்னு மொதலாளி முன்னுக்கே சொன்னீங்கள்ல மிஸ். அப்படிச் சொல்றவங்க தட்டுனா நம்பி வரலாம்."

அதை மொடலில் எந்தப் பெட்டிக்குள் போடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.