சாச்சா வல்லாஹி சொல்லாத நாள்

எங்கள் வளவில் சிகரட் குடித்தவர் ஒரே ஒருவர்தான். அது சாச்சி. உம்மாவின் தங்கை. இந்த உண்மை எனக்குப் போன வருடம்தான் தெரியும். அதுவரை, ஒன்பது வயதிலிருந்து, குடித்தது சாச்சியின் கணவர், சாச்சா என்றே நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிற்கவில்லை, அதற்குக் கொப்பி போட்டு ஆதாரமும் எழுதி வைத்திருந்தேன்.

கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு, இடிந்த வீட்டைத் திரும்பக் கட்டுவதற்காகச் சாச்சி வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போனார். நான்கு வருடம் அங்கே இருந்தார். அந்த வீட்டு எசமானி பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு மொட்டைமாடியில் உட்கார்ந்து சிகரட் குடிப்பாளாம். தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சாச்சி கீழே இறங்கிவிடுவார். ஒருநாள் அவள் உட்காரச் சொன்னாள். இன்னொரு நாள் சிகரட் பெட்டியை நீட்டினாள். அந்த வீட்டில் சாச்சியை யாராவது உட்காரச் சொன்ன இடம் அது ஒன்றுதான். திரும்பி வந்தபோது பெட்டிக்குள் கம்பளியும் பால்மாவும் எனக்கொரு பேசும் பொம்மையும் இருந்தன. கூடவே வந்த பழக்கத்தைப் பெட்டி பிரித்த யாரும் காணவில்லை.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அப்படித்தான் சாச்சா எங்கள் வளவிலிருந்த சாச்சி வீட்டுக்கு வந்தார். ஆழ்கடல் படகில் போவார். போனால் நான்கைந்து நாள் கழித்துத்தான் கரை. அதிகம் கதைக்கமாட்டார். அடுத்த வருடமே சாச்சி பிள்ளைத்தாச்சியானார். வயிற்றில் பிள்ளை என்று தெரிந்த அன்றே சிகரட்டை விட முயன்றாராம். மூன்று நாள் தாங்கியது. மறுபடி முயன்றார், இரண்டு நாள். யாரிடமாவது உதவி கேட்கலாம்தான். ஆனால் வெளிநாடு போய் வந்த பெண்ணைப் பற்றி ஊரில் ஏற்கெனவே பாதிக் கதை தயாராக இருக்கும். மீதிப் பாதியைச் சாச்சியே எப்படிக் கொடுப்பார்? சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் பிள்ளைக்குக் கேடு. அந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டுதான் அவர் என்னைக் கடைக்கு அனுப்பினார்.

"சாச்சா கடலால வந்தா கேப்பாரு மகள், இரண்டு வாங்கிட்டு வந்து வெய்" என்பார்.

நானும் முச்சந்திக் கடையில் போய், "சாச்சாக்கு" என்று சொல்லித் தாள்சுருளில் வாங்கி வருவேன். சாச்சா கடலில் இருக்கும் நாட்களிலும் வாங்கினேன். வந்ததும் சேர்த்து வைத்துக் குடிப்பார்போலும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

வாசத்தை மறைக்கச் சாச்சி சாம்பிராணி போட்டார். எங்கள் வீடுகளில் வெள்ளி இரவுக்கு, அதாவது வியாழன் அந்தி மஃரிப் நேரத்தில், சட்டியில் கனல் எடுத்துச் சாம்பிராணி போட்டு அறை அறையாகக் காட்டுவது வழக்கம். சாச்சி வீட்டில் ஏழு நாளும் வெள்ளி இரவாக இருந்தது. சில நாள் இரண்டு தரம். அயல் பெண்கள் மூக்கை நிமிர்த்தி, மாஷா அல்லாஹ், வெளிநாடு போய் வந்தும் எவ்வளவு பேணுதல் என்றார்கள். சாச்சாவின் உம்மா வந்து, மருமகளின் வீடு பள்ளிவாசல்போல மணக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். உம்மாகூடத் தங்கையைப் பார்த்துத் தானும் கிழமையில் இரண்டு நாளாகக் கூட்டினார். ஊரில் சந்தேகப்பட்டவர் ஒரே ஒருவர். கர்ப்பிணிகளைப் பார்க்க ஸ்கூட்டரில் வரும் மிட்வைஃப் மிஸ். பாண்டிருப்புப் பக்கத்துத் தமிழ் அம்மா. ஒரு செவ்வாய்க்கிழமை வாசலில் நின்று இருமிவிட்டு, "இன்டைக்கு என்ன பிள்ள விசேசம்?" என்று கேட்டார். சாச்சி, கடிக்கிற நுளம்பை விரட்ட என்றார். மிஸ் கால் வீங்கியிருக்கிறதா என்று அமத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

உடைந்தது வேறு இடத்தில். ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளி வாசலில் செருப்பு மாட்டும்போது, எல்லோரும் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் முச்சந்திக் கடைக்காரர் சாச்சாவைப் பிடித்துக்கொண்டார். வாப்பா பக்கத்தில் நின்றதால் அன்று மாலையே எங்களுக்கு முழுக் கதையும் வந்துவிட்டது. பெண்டாட்டி வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறாள், வீட்டுக்குள் இருந்து புகை விடுகிறாயே, அதிலும் ஒரு பெண்பிள்ளையைக் கடைக்கு அனுப்புகிறாயே என்று நாலு பேர் முன்னால் கேட்டாராம். சிகரட்டை விற்றவர் அவர்தான் என்பதை அங்கே யாரும் ஞாபகப்படுத்தவில்லை. சாச்சா மாட்டிய செருப்பைக் கழற்றி மறுபடி மாட்டினார். பிறகு, "ஓம் காக்கா, பிழதான். உட்டுர்றன்" என்றார்.

வாப்பாவுக்கு அது பிடித்துப்போனது. "மனிசன் எதிர்த்து ஒரு கத கதைக்கல்ல" என்று உம்மாவிடம் இரண்டு தரம் சொன்னார். எனக்கோ ஆத்திரம். சுருளைச் சுமந்தது நான். பிள்ளைக்குக் கேடு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே. அன்றிலிருந்து சாச்சாவுக்கு எதிராக வேலை செய்வதென்று முடிவெடுத்தேன்.

அடுத்த கிளினிக் நாளில் சாச்சாவும் வந்தார். பள்ளிக்கூட விடுமுறை, என்னையும் கூட்டிப் போனார்கள். ஆண்கள் கிளினிக் வாசலில் மோட்டார் சைக்கிளோடு நிற்பார்களே தவிர உள்ளே வரமாட்டார்கள். சாச்சா உள்ளே வந்து, பர்தாக்களுக்கும் வயிறுகளுக்கும் நடுவில், நீள வாங்குப் பலகையின் நுனியில் குந்திக்கொண்டார். முறை வந்ததும் மிஸ்ஸின் மேசைக்கு முன்னால் நின்று, மனப்பாடம் செய்து வந்தவர்போலச் சொன்னார்:

"மிஸ், நான் சிகரட் குடிக்கிற. உடோணும். என்ன செய்யோணும் எண்டு சொல்லித் தாங்க."

மிஸ் அவருடைய உதட்டைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். பிறகு சாச்சியைப் பார்த்தார். சாச்சி கிளினிக் கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ் எழுந்து போய்க் கதவுச் சீலையை இழுத்து மூடிவிட்டு வந்து, நெடுநேரம் சொன்னார். ஏசவில்லை, பயமுறுத்தவில்லை. இது வெட்கப்படுகிற விசயமில்லை, விட முடியாமல் இருப்பது கெட்ட மனதால் அல்ல, உடம்பு பழகிப்போனதால் என்றார். தாய்க்குப் போகிற புகையெல்லாம் பிள்ளைக்கும் போகும், இன்றைக்கு விட்டாலும் பிள்ளைக்கு நன்மைதான், பிந்திப்போச்சு என்று ஒன்று இல்லை என்றார். சொன்னதெல்லாம் சாச்சாவுக்கு, பார்த்ததெல்லாம் சாச்சியை. எனக்கு அது சரியாகப் படவில்லை.

"மிஸ், சாச்சாக்குச் சொல்றத ஏன் சாச்சியப் பாத்துச் சொல்றீங்க?"

மிஸ் சிரிக்கவில்லை. "ஆம்பிளையள் வாசலத் தாண்ட முன்னம் மறந்திருவாங்க மகள். வீட்டில ஞாபகம் வெச்சிருக்க ஒராள் வேணும். நீ எழுதுவியா?" என்று பேனாவை என்னிடம் தந்தார்.

அந்தப் பட்டியல் இப்போதும் எனக்குப் பாடம். வீட்டில் இருப்பதை எல்லாம் இன்றே எறிய வேண்டும். ஆசை வந்தால் ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும், அது அலைபோல வந்து தானாகப் போகும். அந்த நேரம் தண்ணீர் குடிக்கலாம், கராம்பு ஒன்றை வாயில் போடலாம், நடக்கலாம். எந்த நேரம் ஆசை கூடுகிறதோ அந்த நேரம் தனியே இருக்கக் கூடாது. சாம்பிராணியும் புகைதான், அதுவும் வேண்டாம். கடைசியானதை மிஸ் மேசையில் விரலால் தட்டித் தட்டிச் சொன்னார்: தவறி ஒன்று குடித்தாலும் எல்லாம் போச்சென்று நினைக்கக் கூடாது; மறைக்காமல் தன்னிடம் வந்து சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டரிடம் தானே கூட்டிப் போவேன் என்றார். கார்டில் எதையும் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கொப்பியில் கட்டம் கீறினேன். மேலே 'சாச்சா' என்று எழுதி, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சரி. எந்த நேரம் ஆசை கூடும் என்று சாச்சாவைக் கேட்டேன். அவர் சாச்சியைப் பார்த்தார். "அஸருக்குப் பொறகு" என்றார் சாச்சி. ஆகவே தினமும் அஸருக்குப் பிறகு நான் சாச்சி வீட்டுக்குப் போய்விடுவேன். சாச்சா கடலில் இருந்த நாட்களுக்கு எப்படிச் சரி போடுவது என்பது பெரிய சிக்கலாக இருந்தது. "போடு, எனக்குத் தெரியும்" என்பார் சாச்சி, கராம்பைக் கடித்துக்கொண்டு. கடலில் சிகரட் நனைந்துவிடும், குடிக்க ஏலாது என்று தீர்மானித்துச் சரி போட்டேன். கராம்பைச் சாச்சி ஏன் கடித்தார் என்று யோசித்ததாக ஞாபகம் இல்லை. மிஸ்ஸும் கிழமைக்கொரு தரம் வந்தார். சாச்சா இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாச்சியை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கதைப்பார். சாச்சாவைத் திருத்துவதற்குத் திட்டம் போடுகிறார்கள் என்று நான் வெளியே காவல் இருந்தேன்.

பதினெட்டுச் சரி விழுந்த பிறகு அது நடந்தது. காலையில்தான் சாச்சா கரைக்கு வந்திருந்தார். நான் போகும்போது அவர் முற்றத்தில் வலையை விரித்துக்கொண்டிருந்தார். கிணற்றடியில், வாழைக்குப் பக்கத்தில், பாதி எரிந்த துண்டு ஒன்று கிடந்தது. புகை அப்போதும் விட்டுக்கொண்டிருந்தது. சாச்சி குசினிப் படியில் உட்கார்ந்திருந்தார், முகம் வெளிறி. யாரிடம் வாங்கினார் என்பதை இன்றுவரை நான் கேட்கவில்லை.

துண்டைக் குச்சியால் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். சாச்சா அதைப் பார்த்தார். சாச்சியைப் பார்த்தார். வலையைக் கீழே விட்டார்.

"நான்தான் மகள். ஒண்டு குடிச்சிட்டன்."

அந்த வயதில் எனக்கு எங்கிருந்து அவ்வளவு சொல் வந்ததோ தெரியாது. வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளைக்கு எழும்பி வெளியே போக ஏலாது என்றேன். அதற்கு மூக்கைப் பொத்தவும் தெரியாது என்றேன். "பெரிய ஆளெல்லோ நீங்க? அந்தப் புள்ளைக்கு நம்மள உட்டா யார் இரிக்காங்க?" என்று கேட்டேன். பின்னால் சாச்சி அழத் தொடங்கினார். பாவம், புருசனுடைய குணத்தை நினைத்து அழுகிறார் என்று எனக்கு இன்னும் கோபம் ஏறியது.

"நான்தான் குடிச்ச, இனிக் குடிக்கமாட்டன் எண்டு வல்லாஹி சொல்லுங்க" என்றேன்.

அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டுச் சொன்னால் அதற்குப் பிறகு எங்களிடம் வழக்கு இல்லை. சாச்சா வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி கேட்டேன். சொல்லவில்லை. அப்போது சாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலிருந்து எழுந்து வந்து எனக்கு முன்னால் நின்றார்.

"வல்லாஹி, இனி இந்த ஊட்டுல சிகரட் இல்ல" என்றார்.

"நீங்க ஏன் சாச்சி? அவரெல்லோ சொல்லோணும்."

"நான் சொன்னாப் போதும் கிளி."

எனக்குப் போதவில்லை. அன்றைய கட்டத்தில் பிழை போட்டேன். மறுநாள் காலையில் சாச்சாவும் சாச்சியும் மிஸ்ஸைத் தேடிப் பாண்டிருப்புக்குப் போய் வந்தார்கள். அதற்குப் பிறகு பிழை விழவில்லை. மாரி தொடங்கிய கிழமை தங்கச்சி பிறந்தாள். நிறை குறைவில்லை என்று மிஸ் தராசைப் பார்த்துச் சொன்னபோது, பிள்ளையை முதலில் வாங்கக் கை நீட்டிய சாச்சாவிடம், கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னது நான்தான். கழுவிவிட்டு வந்தார்.

போன வருடம் என்னுடைய கிளினிக் கார்டோடு நான் ஊருக்கு வந்திருந்தேன். இப்போது ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். வந்த மாதிரியைப் பார்க்கும் முன்னம் முடிவை எழுதக் கூடாது என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் என் வேலை. சாச்சி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மொட்டைமாடியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். பள்ளிவாசலில் ஏச்சு வாங்கி வந்த அன்று சாச்சா ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். "எண்ட பேர ஊர் நாலு நாளையில மறந்திரும். ஒண்ட பேர மறக்காது. வா, மிஸ்ஸிட்டப் போவம்" என்றாராம். மிஸ்ஸுக்கு முதல் நாளே விளங்கியிருக்கிறது. ஓய்வு பெறும்வரை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

"எனக்கு ஏச ஒருத்தரும் இரிக்கல்ல மகள், ஒருத்தருக்கும் தெரியாதே. நீ அவருக்கு ஏசினதெல்லாம் நான்தான் வாங்கின. அதாலதான் உட்டன்" என்றார் சாச்சி.

பிறகு அலுமாரியில் தன் பழைய கிளினிக் கார்டுக்குள் வைத்திருந்த கொப்பியை எடுத்துத் தந்தார். ஓரத்தில் நான் தனியாக ஒரு நிரல் கீறியிருந்தேன்: 'சட்டை மணம்.' சாச்சா கடலால் வந்த ஒவ்வொரு நாளும் அவருடைய சட்டையை மோந்து பார்த்து, 'சிகரட், உண்டு' என்று எழுதியிருக்கிறேன். டீசலும் மீனும் உப்பும் தவிர வேறெதுவும் அந்தச் சட்டையில் ஒருநாளும் இருந்திருக்காது. பிழை விழுந்த நாளுக்கு நேரே சிவப்புப் பேனாவால் எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்திருந்தேன்:

'சாச்சா வல்லாஹி சொல்லவில்லை. பொய்க்காரர்.'