கலியாணக் கார் ஓட்டிய உதயகலா

கொழும்பில் கார் விற்கும் இடத்தில் இரண்டு கார்களையும் ஓட்டிப் பார்த்தவள் உதயகலாதான். டோகாவில் பத்து வருடம் வேலை செய்துவிட்டு இணுவிலுக்குத் திரும்பியிருந்த அவள் கணவன் சுபாஸ், கலியாணங்களுக்குக் கார் விடும் தொழில் தொடங்க நினைத்தான். ஒன்று, நான்கு சில்லுகளும் சேர்ந்து இழுக்கும் சாம்பல் நிற நாலு கதவுக் கார். மற்றது, தரையோடு தரையாகப் படுத்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கதவு இரண்டே இரண்டு.

சிவப்புக் கார் மிதித்ததும் பாய்ந்தது. அவளுக்கும் அது பிடிக்காமல் இல்லை. ஆனாலும் சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, மாரியிலை எங்கடை ஒழுங்கையிலை வெள்ளம் நிக்கும். சாம்பல் கார் வெள்ளத்துக்கையும் இழுத்துக்கொண்டு போகும். கலியாணம் இல்லாத மாதத்திலை ஆஸ்பத்திரிக்கு, எயார்போட்டுக்கு எண்டு ஆக்களை ஏத்தலாம். உந்தச் சிவப்பிலை பின்னுக்கு ஆர் இருப்பினம்?"

"நீர் சொல்லுறது சரி," என்றான் சுபாஸ். "ஆனா சனம் படம் எடுக்கத்தான் கார் பிடிக்குது. உந்தச் சாம்பல் காரை ஆர் திரும்பிப் பாப்பினம்?"

சிவப்பே வந்தது. அவன் நினைத்ததும் பிழையாகவில்லை. காங்கேசன்துறை முதல் அச்சுவேலி வரை முகூர்த்த நாட்களில் அதற்கு ஓய்வில்லை. பாதிக் கலியாணங்களுக்கு உதயகலாவே ஓட்டினாள். பெண் ஓட்டுகிறாள் என்று அவளையும் நிறுத்திப் படம் எடுத்தார்கள்.

புரட்டாதியில் சுபாஸ் மாரடைப்பில் போய்விட்டான். தை மாதத்துக்கு அவன் பேசி வைத்திருந்த அச்சுவேலிக் கலியாணத்துக்கு, அவள் காரைக் கழுவிப் பூக்கட்டித் தானே கொண்டுபோனாள். மணப்பெண்ணின் பெரியம்மா வாசலுக்கு வந்து அவள் நெற்றியையும் கழுத்தையும் பார்த்தாள்.

"நீரோ பிள்ளை ஓடப்போறீர்?"

"ஓம்."

"குறை நினையாதையும். திறப்பைத் தாரும், எங்கடை ஆள் ஓடுவார். நீர் இருந்து தேத்தண்ணி குடியும்."

யாரும் கடிந்து பேசவில்லை. வீட்டின் பின்பக்கம் ஒரு கதிரை போட்டுக் கொடுத்தார்கள், சோறும் வந்தது. கார் திரும்பி வரும்வரை கலியாணத்துக்கு வந்த ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு, கார் பேசியிருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனில் விலகிக்கொண்டார்கள்.

வேறு ஓட்டம் தேடினாள். கிளினிக்குக்குப் போக வந்த பக்கத்து வீட்டு இராசநாயகம், முழங்காலை மடக்க முடியாமல் பாதி ஏறி, இறங்கி, கடைசியில் ஓட்டோவுக்குச் சொன்னார். சாம்பல் நிறக் கார் இருந்திருந்தால் என்று அவள் நினைக்காத நாளில்லை. செத்தவனோடு அதைப் பற்றிச் சண்டை பிடிக்கவும் வழியில்லை.

மணவறை அலங்காரம் செய்யும் லக்சன், சுபாஸின் கூட்டாளி, காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். "ரெண்டு கதவு வாகனத்தை ஆர் அக்கா வாங்குவினம்? நானெண்டபடியாத்தான்..." என்று விலையை இழுத்து விழுத்தினான். கொடுத்துவிட்டாள். அடுத்த முகூர்த்தத்துக்கே அது அவன் மணவறை போட்ட கலியாணத்து மணமக்களை ஏற்றிக்கொண்டு அவள் ஒழுங்கை முகப்பைக் கடந்தது. கைக்கு வந்த காசுக்கு அவளுக்குக் கிடைத்தது ஒரு பழைய சின்னக் கார்தான். அதில் ஆஸ்பத்திரி ஓட்டம் ஓடுகிறாள். நோயாளிகள் கழுத்தைப் பார்ப்பதில்லை.

சென்ற மாதம் சுபாஸின் தங்கை ஜெயனி கனடாவிலிருந்து கூப்பிட்டாள்.

"மச்சாள், அண்ணை ஆசைப்பட்டு வாங்கின காரை வித்துப்போட்டியளாம். அவர் பிழையான கார் வாங்கினவரெண்டும் சொல்லித் திரியிறியளாம்."

"இல்லை ஜெயனி. உம்மடை அண்ணை சரியாத்தான் வாங்கினவர். சனம் எதைப் பாக்கும் எண்டு அவருக்குத் தெரியும். நான்தான் ஓடத் தெரிஞ்சாப் போதும் எண்டு நினைச்சிட்டன்."

ஜெயனி அங்கே பனி கொட்டுவதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாள்.