மாடியிலிருந்து வந்த தாள்கள்

என் அக்காவின் கணவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் இன்றும் அவருடைய குரலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். மீன் ஏலக் கூடத்தில் வாலிபத்திலிருந்து ஏலம் விட்டவர். அவருக்கு 'மைக்செட்' என்று பெயர் வைத்தது யார் என்று தெரியாது, ஆனால் வைத்தவன் கெட்டிக்காரன். கூடத்தின் இந்தக் கோடியில் நின்று அவர் விலை சொன்னால் அந்தக் கோடியில் ஐஸ் உடைப்பவன் தலை நிமிர்வான். நான் அங்கே எடை போடுகிறவன். அவர் பக்கத்திலேயே நின்று என் இடது காது பாதி மந்தமாகிவிட்டது.

அவர் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. துக்கம் கேட்க வந்தவர்களும் அந்தக் குரலைப் பற்றியே சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. குரல் போன பிறகும் மனிதர் நான்கு வருடம் இருந்தார். பேசிக்கொண்டும் இருந்தார். அதைப் பார்த்தவர்கள் நானும் அக்காவும், அக்கா கடைக்கு வந்துபோன சிலரும்தான். மற்றவர்கள் சொல்லமாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன்.

தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் மூச்சுக்கு ஒரு துளை வைத்து, அதன்மேல் ஒரு துணியைக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். கருவி வைத்துப் பேசலாம் என்று மருத்துவர் ஒன்றைக் கொடுத்தார். அதைக் கழுத்தில் வைத்து ஒரு வாக்கியம் பேசிப் பார்த்தார் மாமா. வந்த சத்தத்தைக் கேட்டு முகம் சுருங்கிப்போனவர், அதை அலமாரியின் மேல்தட்டில் தூக்கி வைத்ததோடு சரி. நாங்கள் தலைகீழாக நின்று கெஞ்சியும் மறுபடி தொடவில்லை. அவ்வளவு பெரிய குரலை வைத்திருந்தவருக்கு அந்தச் சத்தத்தைத் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. எனக்கு அது புரிந்தது. அக்காவுக்குக் கோபம் வந்தது.

வீடு மாடி வீடு. கீழே தெருவைப் பார்த்த முன்னறைதான் அக்காவின் கடை. டைப்பிங், ஜெராக்ஸ், பிரிண்ட். மாமா மேலறையில், ஜன்னலோரக் கட்டிலில். அவருக்கு ஏதாவது வேண்டுமென்றால் கீழே எப்படிச் சொல்வது? முதலில் ஒரு கைமணி வாங்கிக் கொடுத்தாள் அக்கா. ஒரு நாள் அடித்துப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாக வீசிவிட்டார். ஃபோனில் மெசேஜ் அனுப்பினார். அக்காவின் ஃபோனோ கடைக்காரியின் ஃபோன். இதை அடிச்சுக் கொடுங்க, இதை ரெண்டு காப்பி எடுங்க என்று நாள் முழுக்க ஊரே அதில் ஃபைல் அனுப்பிக்கொண்டிருக்கும். மாமா காலையில் அனுப்பிய 'தண்ணி' அந்தக் கூட்டத்தில் எங்கோ புதைந்து, அவள் அதைப் பார்க்கும்போது மதியமாகியிருக்கும். அப்புறம் இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

கடையில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். பிரிண்டர் பெரிய கம்ப்யூட்டரோடு வயரில் கட்டுண்டு கிடந்தது. சின்னதில் அடித்ததையெல்லாம் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கம் ஓடிவர வேண்டும். அந்த ஓட்டத்துக்கு ஒரு முடிவு கட்டுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள் அக்கா. நான் ஸ்குரூ டிரைவர் பிடிக்கப் போனேன். ஸ்குரூ டிரைவருக்கு அங்கே வேலையே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

பிரிண்டரின் நெற்றியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு திரை. அதில் வைஃபை பாஸ்வேர்டை அம்புக்குறியை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் போட வேண்டும். "எவன்டா இவ்வளவு நீளமா பாஸ்வேர்ட் வெச்சது?" என்றாள். வைத்தது அவள்தான். எல்லாம் ஏறியதும் பிரிண்டர் தன்னுடைய முகவரியை ஒரு தாளில் அடித்துக் கொடுத்தது. முகவரி என்றால், புள்ளி வைத்துப் பிரித்த நாலு எண்கள். வீட்டுக்குக் கதவு எண் மாதிரி, வைஃபை பெட்டி ஒவ்வொரு சாமானுக்கும் கொடுக்கிற எண். பெரிய கம்ப்யூட்டர் பழைய வயரிலேயே இருந்தது. சின்னது பிரிண்டரின் பெயரைப் பார்த்தே அதைக் கண்டுபிடித்துக்கொண்டது.

"மேல போய் மாமா ஃபோனையும் வாங்கிட்டு வாடா" என்றாள்.

"அது எதுக்கு?"

"வாங்கிட்டு வா, சொல்றேன்."

ஃபோனுக்குப் பிரிண்டர் தானாக அகப்படவில்லை. அந்த நாலு எண்களையும் அவளே அதில் அடித்துப் போட்டாள். பிறகு மேலே போய், பெரிய எழுத்தில் எப்படி எழுதுவது, எதை அழுத்தினால் கீழே தாள் வரும் என்று மாமாவுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள். இருவரும் பிரிண்டர் முன்னால் நின்றோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அது முனகி, ஒரு தாளை வெளியே தள்ளியது. தாள் நிறைய ஒரே ஒரு வார்த்தை: 'கேக்குதா?'

"கேக்குது, கேக்குது" என்று அக்கா மாடியைப் பார்த்துக் கத்தினாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மறுபடியும் மாமாவின் அதிகாரம். மெசேஜைப் பார்க்காமல் விடலாம். கண்ணெதிரே வந்து விழுகிற தாளை என்ன செய்வது? 'டீ ஆறிப்போச்சு.' 'வெயில் முகத்துல அடிக்குது.' 'அந்த மஞ்சள் பையோட நிக்கிறவர் அரை மணி நேரமா எதுக்கு நிக்கிறார், வேலை முடிஞ்சா அனுப்பு.' ஜன்னலிலிருந்து தெரு முழுவதும் தெரியும், ஆகவே அவர் கண்ணுக்குத் தப்பியது எதுவுமில்லை. ஒருமுறை ஒரு வக்கீலின் வழக்குக் கட்டு பிரிண்ட் ஆகிக்கொண்டிருந்தபோது, நடுவில் ஒரு தாள் புகுந்து, அப்படியே பின் அடித்துப் போய்விட்டது. மறுநாள் அந்த மனிதரே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். 'முதுகு அரிக்குது. மேல வா.' அக்காவுக்கு மானம் போயிற்று. வக்கீல் மட்டும், நீதிபதி அதை ஏற்றுக்கொண்டிருப்பார் என்றார்.

அப்படியே இரண்டு வருடம் ஓடியது. வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் மாமாவின் கழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு பக்கத்தில் விரலை நிறுத்தி மறுபடி தடவினார். வியாழக்கிழமை ஸ்கேன் எடுக்க வரச் சொன்னார். புற்று திரும்பியிருக்குமோ என்ற சந்தேகம்தான்.

திங்கட்கிழமை காலையில், கடையில் ஆட்கள் நிற்கும்போது தாள் வந்தது. 'ஸ்கேனுக்கு வரமாட்டேன். போதும்.'

அக்கா மாடிப்படியின் அடியில் போய் நின்றாள். மாமாவின் குரலுக்கு அடியிலேயே வாழ்ந்ததால் அவளுக்கும் ஒரு குரல் இருந்தது யாருக்கும் தெரியாது. அன்றைக்குத் தெருவே கேட்டது. "போதும்னா போதும். இனிமே நான் உங்களை எதுவும் கேக்கமாட்டேன். நீங்களும் என்னை எதுவும் கேக்காதீங்க."

அன்று மதியம் கொஞ்ச நேரம் கரண்ட் போய் வந்தது. அதை யார் பெரிதாக நினைப்பார்கள்?

புதன்கிழமை சாயங்காலம் அக்கா எனக்கு ஃபோன் செய்தாள். மறுநாள் மருத்துவமனைக்குப் போக நான்தான் வண்டி சொல்லியிருந்தேன். "வண்டி வேணாம்னு சொல்லிடு" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. எனக்கு மனசு கேட்கவில்லை. நேரில் போனேன்.

அக்கா பெரிய கம்ப்யூட்டரில் யாருக்கோ விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆள் பக்கத்தில் நின்றிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள். "மூணு நாளா ஒரு தாள் வரல. தண்ணின்னு கூட கேக்கல. அவருக்கு அவ்வளவு வீம்பு இருந்தா எனக்கு இருக்காதா?"

"நீ மேல போய்க் கேட்டியா?"

"சாப்பாடு வெக்கப் போறேன். சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கறார். மூணு மாசம் ஆனாலும் நான் வாயைத் திறக்கமாட்டேன்."

இந்த இரண்டு பேரோடு நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. மாமாவையாவது நாலு வார்த்தை கேட்போம் என்று மேலே போனேன். கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். கோபம் இல்லை. எல்லாம் சொல்லி முடித்துவிட்ட மனிதரின் முகம் அது.

"என்ன மாமா இது? மூணு நாளா அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம இருந்தா அவ என்னன்னு நினைப்பா?"

எனக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்பதுபோல் பார்த்தார். ஃபோனை எடுத்து என் கையில் திணித்தார். திரையில் அவர் அனுப்பியவை எல்லாம் வரிசையாக நின்றன. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே சின்ன எழுத்தில் ஒரே வார்த்தை: காத்திருக்கிறது.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் தமிழ் தெரியும். "மாமா, இதுல ஒண்ணு கூட கீழ வரல" என்றேன்.

அவர் நம்பவில்லை. தரையைக் காட்டினார், காதைக் காட்டினார். கீழே அப்போதும் பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது, அந்த ஆளின் விண்ணப்பத்துக்காக. அது நாள் முழுக்க யாருக்காவது ஓடிக்கொண்டுதான் இருக்கும். இவர் இங்கே அழுத்துவார், அங்கே அது ஓடுகிற சத்தம் கேட்கும், தன் தாள்தான் வந்து விழுகிறது என்று மூன்று நாளும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். அவள் படிக்கிறாள், படித்துவிட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போகிறாள் என்று. அது புரிந்ததும் அவர் ஃபோனைத் திரும்பப் பிடுங்கப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை. கீழே ஓடினேன்.

அக்கா ஃபோனை ஒரு பார்வை பார்த்தாள். "கரண்ட்" என்றாள். கரண்ட் போய் வந்தபோது வைஃபை பெட்டி எல்லாவற்றுக்கும் புதிதாக எண் கொடுத்திருக்கிறது. பிரிண்டருக்கு வேறு எண் வந்துவிட்டது. பெரிய கம்ப்யூட்டர் வயரில் இருந்ததால் அதற்கு ஒன்றுமில்லை, சின்னது பெயரைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தது. மாமாவின் ஃபோன் மட்டும் யாரும் இல்லாத பழைய எண்ணின் கதவையே தட்டிக்கொண்டிருந்தது. எண் மாறாமல் நிறுத்தி வைக்க ஒரு வழி உண்டாம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அதைச் செய்யவில்லை.

இப்போது செய்தாள். அந்தத் தீப்பெட்டித் திரையில் அம்புக்குறியை அழுத்தி, பழைய எண்ணையே நிரந்தரமாகப் போட்டாள். பிரிண்டர் ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு ஓட ஆரம்பித்தது.

'தண்ணி.' 'கரண்ட் வந்துடுச்சா?' 'கோபமா?' 'காலையில நான் கத்தல, நீதான் கத்தினே. எனக்குக் கத்த வராதுன்னு உனக்கே தெரியும்.' அக்கா ஒவ்வொன்றையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். 'திரும்ப வந்திருக்குன்னு சொன்னா திரும்ப அறுப்பாங்க. இன்னும் அறுக்க என்ன இருக்கு?' 'பயமா இருக்கு.' 'நீ என்ன சொல்றியோ அதைச் செய்யறேன். சொல்லு.' 'சரி, வர்றேன். எத்தனை மணிக்குக் கிளம்பணும்?' 'சொல்லு.' பிறகு கொஞ்சம் நிறுத்தி, கடைசித் தாள். அது அன்று மதியம் அனுப்பியது. 'உனக்கும் அலுத்துப்போச்சு. புரியுது. உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல.'

குரல் இல்லாத மனிதர் மூன்று நாளாகப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். குரல் இருக்கிறவள் வாயைத் திறக்கவில்லை. இதை நான் சொல்லவில்லை. அக்காவே, என்னிடம் இல்லை, அந்தத் தாள்களிடம் சொன்னாள்.

விண்ணப்பக்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "மீதியை நாளன்னைக்கு வந்து வாங்கிக்குங்க. நாளைக்குக் கடை இல்ல" என்று அவரை அனுப்பிவிட்டு, தாள்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினாள். நானும் பின்னால் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை.

மாமா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் தாளை எடுத்தாள்.

"தண்ணி கேட்டிருக்கீங்க. இருங்க." எழுந்து போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார். அடுத்த தாள். "வந்துடுச்சு, ஒரு மணிக்கெல்லாம் வந்துடுச்சு." அடுத்தது. "ஆமா, கோபம்தான்." அடுத்தது. "நான்தான் கத்தினேன். ஊரே கேட்டுச்சு." இப்படி ஒன்றைக்கூட விடாமல், வந்த வரிசையிலேயே பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். அறுக்க என்ன இருக்கு என்ற தாளுக்கு, "எனக்குத் தெரியல. டாக்டரைக் கேப்போம்" என்றாள். 'பயமா இருக்கு' வந்தபோது அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். "எனக்கும்தான்" என்றாள். "எட்டு மணிக்குக் கிளம்பணும். வண்டி வருது." நான் கதவருகில் நின்று, வண்டிக்காரனிடம் வேண்டாம் என்று இன்னும் சொல்லாமல் விட்ட என் சோம்பேறித்தனத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டேன்.

கடைசித் தாளுக்கு வந்தாள். அவர் அதை அவள் கையிலிருந்து இழுக்கப் பார்த்தார். அவள் விடவில்லை.

"அலுத்துப்போச்சுதான்" என்றாள். "ரெண்டு வருஷமா படியேறி இறங்கறேன். அலுக்காதா? அலுத்தா விட்டுடுவாங்களா? உங்களுக்கு என்னைத் தெரியலையே."

அந்த ஸ்கேனில் புற்று திரும்பியிருந்தது தெரிந்தது. சின்னதாக இருக்கும்போதே தெரிந்ததால் எடுக்க முடிந்தது. அதன் பிறகு மாமா இரண்டு வருடம் இருந்தார். ஆனால் அன்று சாயங்காலம் அது எங்கள் யாருக்கும் தெரியாது. மாமா எழுந்து அலமாரியைத் திறந்தார். வெளியே போகும்போது போடுகிற சட்டையை எடுத்து உதறி, மறுநாள் காலைக்காக நாற்காலியின் முதுகில் போட்டார். சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் அக்கா அழுதாள்.