காரணம்: சும்மா

திருச்சியில் கிராம நிர்வாக அலுவலர்களுக்கு இணையவழி மனுக்களைக் கையாளக் கற்றுக்கொடுத்தேன். மாதிரி மனு என்று நினைத்து ஒன்றைத் திறந்து, நிராகரித்துக் காட்டினேன். காரணம் கேட்ட கட்டத்தில் “சும்மா” என்று தட்டினேன். வகுப்பே சிரித்தது.

அது உண்மையான மனு. மறுநாள் மருங்காபுரி விவசாயி ஒருவர், தம் ஊர் அலுவலரைத் தேடிப் பயிற்சி அறைக்கே வந்து கைபேசியை நீட்டினார். மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காக முதல் பட்டதாரிச் சான்றிதழ் கேட்டிருந்தார்.

“தள்ளுபடி, காரணம் சும்மான்னு வந்திருக்குங்க சார். என்ன கொறைன்னு சொன்னீங்கன்னா சரி பண்ணிடுறோம். நாளைக்குக் கடைசி நாளுங்க.”

“கம்ப்யூட்டர் கோளாறுங்க” என்றேன்.

மனுவை மறுபடி பதிந்து, மாலைக்குள் சான்றிதழ் வாங்கிக்கொடுத்தேன். “நீங்க நல்லா இருக்கணும் சார்” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அலுவலர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பாடத்தைத் தொடர்ந்தேன். அன்று அவர்கள் என்னிடம் எதைக் கற்றுக்கொண்டார்கள் என்று நினைத்தால் இன்றும் கூசுகிறது.